செவ்வல்பேட்டை பருத்த கதை

முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் விடிந்தபோது செவ்வல்பேட்டையில் எல்லோரும் பருத்திருந்தார்கள். குழாயடிக்கு வந்த பெண்கள் ஒருத்தி கன்னத்தை ஒருத்தி பார்த்தார்கள், வளையல் மணிக்கட்டை இறுக்குகிறது என்று சொல்லிக்கொண்டார்கள், பிறகு யார் குடம் முந்தியது என்ற வழக்கமான சண்டைக்குத் திரும்பினார்கள். ஆண்கள் வேட்டி முனை எட்டாமல், வேறு பெரிய வேட்டி இருக்கிறதா என்று வீட்டுக்குள் குரல் கொடுத்தார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தை முதல் கட்டிலில் கிடந்த கிழவர் வரை எல்லோருக்கும் தாடை இரண்டாகியிருந்தது. எல்லோருக்கும் பசித்தது. பசி மட்டும் முந்தின நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

இது எதனால் வந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. முந்தின நாள் கோயில் திடலில் பட்டிமன்றம் நடந்தது, நடுவர் தீர்ப்பு சொன்னார், தீர்ப்பு பலித்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பட்டிமன்றத்தில் ஜெயித்த அணியில் பேசியவர் உள்ளூர்த் தமிழ் வாத்தியார் நல்லபெருமாள். அவர் பேசிய கட்சியை அவர் நம்பிப் பேசவில்லை. பட்டிமன்றத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. எந்தப் பக்கம் ஆள் குறைகிறதோ அந்தப் பக்கம் போய் உட்கார வேண்டும், போக்குவரத்துச் செலவும் ஒரு பொன்னாடையும் கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டும். அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் சம்பளம் நின்று வெகுநாளாகியிருந்தது. பிள்ளைகள் கட்டணம் கட்டவில்லை, ஏனென்றால் அவர்கள் அப்பன்மாருக்குச் சூளையில் வேலை இல்லை. சூளைக்காரர்கள் செங்கல் சுடவில்லை, ஏனென்றால் வாங்க ஆள் இல்லை. கட்டடம் கட்டும் ஒப்பந்தக்காரர்கள் செங்கல் வாங்கவில்லை, ஏனென்றால் அரசாங்கம் அவர்களுக்குப் பணம் தரவில்லை. அரசாங்கத்திடம் பணம் இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் பக்கத்து மாநிலத்துப் பத்திரிகை ஒன்று இதையே எழுதியபோது அரசாங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. கஜானா காலியாகக் கிடப்பதை ஓர் அரசாங்கம் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளும்; அதை அடுத்த ஊர்க்காரன் சொல்வதை ஒரு நாள் கூடப் பொறுக்காது. அதனால் அந்த வருஷம் கொடை நடக்கிற ஊரிலெல்லாம் ஒரே தலைப்பில் பட்டிமன்றம் வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது: நம் மாநிலம் கண்டது வளமா, வறட்சியா?

நடுவராக வந்தவர் புலவர் திருவாழி. கோயில் மேடையில் எந்தத் தலைப்பானாலும் மங்கலமான பக்கத்துக்குத்தான் தீர்ப்பு சொல்வார்கள் என்பது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கும் தெரியும். சாமி கும்பிட வந்த ஜனங்களை 'வறட்சி' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினால் அம்மனுக்கே பொறுக்காது. வறட்சி அணி சும்மா சிரிப்புக்காக. ஆகவே புலவர் கடைசியில் எழுந்து, இரண்டு பக்கத்தையும் பாராட்டி, வெள்ளி மணியைக் கையில் எடுத்து, "வளமே, வளமே, வளமே" என்று மூன்று முறை அடித்தார். நல்லபெருமாள் பொன்னாடையை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். காலையில் எழுந்தபோது அவரும் அவர் மனைவி சண்முகக்கனியும் அவர்களுடைய ஒரே மகள் பூங்கோதையும் வெண்ணெய் உருண்டை மாதிரி இருந்தார்கள்.

ஊர் அந்த அதிசயத்தை வாங்கிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் தையற்காரர் தாவூதுக்கு வேலை வந்தது. எல்லா ரவிக்கையையும் பிரித்து அகலம் விட்டார். நெடுங்காலமாகத் தட்டிப்போன கல்யாணங்கள் கூடி வந்தன. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் வீட்டைப் பற்றிக் கேட்பதை நிறுத்தினார்கள். வெளியூருக்குப் பிச்சைக்குப் போனவர்கள் மட்டும் அடி வாங்கித் திரும்பினார்கள். புளியங்கொட்டையை ஊறவைத்து இடித்துத் தின்பதும், குளத்துக் கரையில் அல்லிக்கிழங்கு தோண்டுவதும் முன்பு வெளிச்சத்தில் நடந்த காரியங்கள்; இப்போது கதவைச் சாத்திக்கொண்டு செய்தார்கள். ஏனென்றால் அப்படிப்பட்ட கன்னத்தோடு புளியங்கொட்டை தின்பது பார்க்க நன்றாக இல்லை. யாராவது வாய் தவறிப் பசிக்கிறது என்று சொல்லிவிட்டால், "கண்ணாடியப் போய்ப் பாருவே" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொன்னார்கள். கொஞ்ச நாளில் அப்படிச் சொல்கிறவர்களும் இல்லை, சொல்ல வைக்கிறவர்களும் இல்லை.

பிறகு அரசாங்கம் வந்தது. செய்தித் துறை வண்டியில் வந்தவர்கள் சூளைத் தொழிலாளிகளைக் குளிர்ந்துபோன சூளை முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள் நெடுஞ்சாலை நெடுகிலும், விமான நிலையத்திலும், பக்கத்து மாநிலத்து எல்லையில் அந்தப் பக்கம் பார்த்தபடியும் நின்றன. வெளிநாட்டிலிருந்து கடன் கொடுக்கிற கனவான்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. குழந்தைகளின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, தங்களுக்குள் தலையசைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். இத்தனை செழிப்பான ஊருக்கு ரேஷன் அரிசி எதற்கு என்று யாரோ சட்டசபையில் கேட்டார்கள், நியாயமான கேள்வி என்று எல்லாக் கட்சியும் ஒத்துக்கொண்டது, அரிசி நின்றது. அடுத்து செழுமை வரி வந்தது. வருவாய்த் துறை ஆட்கள் தாவூதிடமே நாடாவை இரவல் வாங்கி, வீடு வீடாகப் போய் இடுப்பைச் சுற்றி அளந்து வரி போட்டார்கள். ஜனங்கள் அண்டா குண்டாவை விற்று வரி கட்டினார்கள். சமைக்க ஒன்றும் இல்லாத வீட்டில் அண்டாவுக்கு என்ன வேலை என்று வாங்கினவனும் சொன்னான், விற்றவனும் ஒத்துக்கொண்டான்.

சூளை மேஸ்திரி சுடலையின் அப்பா செத்தபோதுதான் ஒரு விஷயம் வெளிப்பட்டது. பாடையைத் தூக்க நான்கு பேர் தோள் கொடுத்தார்கள். நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை பெரிய உடம்பு, பாடையில் இலவம்பஞ்சு மூட்டை கிடப்பது போலக் கிடந்தது. சுடலை ஒருவனே அதைத் தூக்கியிருக்கலாம். நான்கு பேரும் பாரம் தாங்காதவர்கள் மாதிரி முக்கிக்கொண்டு நடந்தார்கள். பின்னால் வந்தவர்களும் அதைக் கவனித்தார்கள், அடுத்தடுத்து வந்த சாவுகளில் அவர்களும் அதே மாதிரி முக்கினார்கள்.

நல்லபெருமாளும் முக்கினார். பூங்கோதை படுத்த படுக்கையாகும் வரை அவருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

எட்டு வயதுப் பிள்ளை அவள். பருத்த பிறகு பார்க்கிறவர்கள் எல்லாம் தூக்கிக் கொஞ்சுகிற அழகு. தூக்கினவர்கள் சட்டென்று இறக்கிவிட்டு வேறு பேச்சுப் பேசினார்கள். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. சண்முகக்கனி தன் பங்கையும் அவளுக்கே கொடுத்துப் பார்த்தாள், ஆனால் அவள் பங்கு என்பதே ஒரு கை அல்லிக்கிழங்குதான். நல்லபெருமாள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார். அங்கே இருந்த டாக்டரம்மா நல்லவர், பிள்ளைகள் மேல் பிரியம் உள்ளவர். பூங்கோதையின் புஜத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவரைத்தான் திட்டினார்.

"எத்தனை தடவை சொல்றது, செவ்வல்பேட்டைக்காரங்க பிள்ளைங்களுக்கு இப்படிப் போட்டுத் திணிக்கிறீங்களே. பாவம், மூச்சு விட முடியலை. ஒரு வாரத்துக்கு வெறும் கஞ்சித் தண்ணிதான் குடுக்கணும். வேற எதுவும் குடுக்கக் கூடாது."

"கஞ்சித் தண்ணி கெடைச்சாக் குடுக்கலாம்மா" என்றார் நல்லபெருமாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பட்டிமன்றத்தில் பேசுகிற வாத்தியார்தானே நீங்கள் என்று கேட்டு, இன்னொரு தடவையும் சிரித்து, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும் வழியில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. தீர்ப்பு செய்ததைத் தீர்ப்புதான் மாற்ற வேண்டும். மறுபடியும் அதே மேடையில் அதே தலைப்பில் பட்டிமன்றம் வைத்து, அதே நடுவர் வறட்சி என்று மணி அடித்தால், ஊர் விடிவதற்குள் மெலிந்துவிடும். எலும்பு தெரிந்தால் போதும். எலும்பு தெரிகிற ஊருக்கு யாராவது அரிசி அனுப்புவார்கள். டாக்டரம்மா நல்லவர், விலா எலும்பைக் கண்ணால் கண்டால் பாட்டில் ஏற்றிவிடுவார்.

பட்டிமன்றம் வைப்பது கஷ்டமாக இல்லை. நிதி அமைச்சர் செவ்வல்பேட்டைக்கு நேரில் வருவதாக இருந்தார், கடன் கொடுத்த கனவான்களும் கூட வருவதாக இருந்தார்கள், அவர்களுக்கு ஏதாவது கலைநிகழ்ச்சி காட்ட வேண்டியிருந்தது. நல்லபெருமாள் தானே வறட்சிப் பக்கம் பேசுவதாகச் சொன்னபோது விழாக் குழுவினர் சந்தோஷப்பட்டார்கள். அந்தப் பக்கத்துக்கு ஆள் கிடைப்பது எப்போதும் சிரமம். மீதி இருந்தது புலவர்தான். நல்லபெருமாள் அவர் ஊருக்கே நடந்து போனார். புலவர் ஒல்லியான மனிதர், அப்போதுதான் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். நம்பவில்லை என்று சொல்லவில்லை, தன் தீர்ப்பு பலித்தது என்பதில் அவருக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஆனால் மங்கலத்தை மீறி ஒரு தரம் கூட மணி அடித்ததில்லை என்றார். நல்லபெருமாள் காலில் விழுந்தார்.

புலவருக்கு மனசு இளகிவிட்டது. "எந்திரிங்க வாத்தியாரே. ஒண்ணு செய்றேன். சபையில ஒருத்தர் கண்ணாச்சும் கலங்கணும். நீங்க பேசி, கீழ உக்காந்திருக்கிறதுல ஒரே ஒரு ஆளு கண்ணத் தொடைச்சாலும் போதும், அதச் சாக்கா வச்சு நான் வறட்சின்னு அடிச்சிடுறேன். அமைச்சர் இருந்தாலும் சரி, ஆண்டவனே இருந்தாலும் சரி."

ஒரே ஒரு கண். நல்லபெருமாள் திரும்பி நடந்த வழி நெடுக அதையே சொல்லிக்கொண்டு வந்தார். பசித்துக் கிடக்கிற ஊரில் பசியைப் பற்றிப் பேசப்போகிறோம். ஒரு கண்ணா கலங்காது?

அன்று சாயங்காலம் திடல் நிறைந்திருந்தது. அமைச்சரும் கனவான்களும் முன்வரிசையில் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது, அத்தனை பேரும் கொழுகொழுவென்று, நாற்காலிக்கு ஒருவராக அல்ல, ஒன்றரை நாற்காலிக்கு ஒருவராக. மேடைக்கு ஓரமாகச் சண்முகக்கனி மகளை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். அவள் கண்ணிலிருந்து வடிய ஒன்றும் மிச்சமில்லை. இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வளம் அணி பேசி முடித்த பிறகு நல்லபெருமாள் ஒலிபெருக்கி முன்னால் வந்தார். தொப்பை தட்டி ஒலிபெருக்கி ஆடியது. யாரோ சிரித்தார்கள்.

"என் வீட்டு அடுப்புல பூனை குட்டி போட்டிருக்கு" என்று அவர் ஆரம்பித்தார்.

அதற்குப் பெரிய சிரிப்பு வந்தது. அது உண்மை என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும், அவர்கள் வீட்டு அடுப்பிலும் பூனைதான் படுத்திருந்தது. ஆனால் அதைச் சொல்கிற மனிதரின் தாடை இரண்டடுக்காக ஆடியது. பசி காதை அடைக்கிறது என்றார். காது தெரியாத அளவுக்கு உப்பிய கன்னத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். என் மனைவி புளியங்கொட்டை இடிக்கிறாள் என்றார். பெண்கள் பகுதியிலிருந்து, "எங்களுக்கும் ரெண்டு குடுத்து விடச் சொல்லுங்கண்ணே, உடம்பு இப்படித் தேறுதே" என்று ஒரு குரல் வந்தது, திடலே குலுங்கியது. முதலில் அமைச்சருக்குப் பயந்து சிரித்தவர்கள் பிறகு பயம் இல்லாமலே சிரித்தார்கள். காலி வயிற்றில் ஏறின சிரிப்பு லேசில் இறங்காது. அவர் அழுதார். அழுகிற மாதிரி எவ்வளவு அழகாக நடிக்கிறார் என்று கை தட்டினார்கள். பேசுகிறவன் கண்ணீர் கணக்கில்லை என்று புலவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

அப்போது அவர் மேடையிலிருந்து இறங்கி, சண்முகக்கனியின் மடியிலிருந்து பூங்கோதையை எடுத்துக்கொண்டு திரும்ப ஏறினார். அவளை ஒரே கையில், உள்ளங்கை மேல் உட்கார வைத்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"பாருங்க. கனமே இல்லை. என் பிள்ளைக்குள்ள ஒண்ணுமே இல்லை."

ஒரு நொடி திடல் அமைதியாக இருந்தது. பாடை தூக்கின சுடலைக்குத் தெரியும், அவனோடு தூக்கின மூன்று பேருக்கும் தெரியும், அங்கே இருந்த எல்லா ஆண்களுக்கும் அந்தக் கனமின்மை தோளில் ஞாபகம் இருந்தது. இன்னும் ஒரு நொடி அந்த அமைதி நீடித்திருந்தால் யாராவது கண்ணைத் துடைத்திருப்பார்கள். ஆனால் கடன் கொடுத்த கனவான்களில் ஒருவர், வாத்தியாரின் கைவலிமையைக் கண்டு வியந்து, எழுந்து நின்று கை தட்டினார். அமைச்சரும் எழுந்தார். உடனே சுடலை விசில் அடித்தான்.

"வாத்தியாரு புஜபலத்தப் பாத்தியாடே! என்னமா வளத்திருக்காரு, என்னமா தூக்குதாரு!"

அதன் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள், சிரித்துச் சிரித்து அத்தனை பேர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. முந்தானையாலும் துண்டாலும் துடைத்துக்கொண்டார்கள். நல்லபெருமாள் மகளைத் தூக்கிய கையை இறக்காமல் புலவரைத் திரும்பிப் பார்த்தார். புலவரும் சபையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார், பாவம், அவருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஆசைதான்.

"கண்ணு கலங்கிச்சு, நான் மறுக்கலை" என்றார் புலவர், ஒலிபெருக்கியை மூடிக்கொண்டு வாத்தியாருக்கு மட்டும் கேட்கும்படி. "ஆனா சிரிச்சுல்ல கலங்கிச்சு."

பிறகு எழுந்து, இப்படி வாய்விட்டுச் சிரிக்கிற ஊரில் எங்கே ஐயா வறட்சி என்று சபையைக் கேட்டு, வளமே, வளமே, வளமே என்று மணி அடித்தார்.

இந்தத் தடவை விடியும் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது மணிக்கே ஊர் மறுபடி உப்பியது, நாற்காலிகள் முறிந்தன, நல்லபெருமாளின் கைமேல் இருந்த பிள்ளையின் சட்டைப் பொத்தான்கள் தெறித்து மேடையில் உருண்டன. அவர் கையை இறக்கினார். இறக்கியபோது அவள் முன்னைவிடப் பெரிதாக இருந்தாள், முன்னைவிட லேசாக இருந்தாள், உயிர் இல்லை.

ஊர் முறையாகத் துக்கம் கேட்டது. கிழிந்து நாராகிச் சாகாமல் இப்படிக் கல்யாணப் பெண் மாதிரிப் போனாளே, கொடுத்து வைத்தவள் என்று பெண்கள் சண்முகக்கனியிடம் சொன்னார்கள். டாக்டரம்மா உண்மையாகவே வருத்தப்பட்டார். சொன்னால் கேட்கிறார்களா என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே, இறப்புக்குக் காரணம் மிகையான உணவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அமைச்சர் தன் கண் எதிரிலேயே ஒரு பிஞ்சு உயிர் போனதைத் தாங்க முடியாமல் சட்டசபையில் பேசினார். வளம் வந்த மாநிலத்துக்கு வருகிற நோய் இது, இதைக் கண்டு பக்கத்து மாநிலம் பொறாமைப்படத்தான் செய்யும், ஆனாலும் நம் குழந்தைகளை நாம் காக்க வேண்டும் என்றார். அப்படித்தான் பூங்கோதை மிதவுணவுத் திட்டம் வந்தது. அதன்படி பள்ளிகளில் மதிய உணவு நின்றது. கடையில் விற்கிற அரிசிக்கு, ஜனங்கள் அளவுக்கு மீறித் தின்னாமல் இருக்க, புதிதாக ஒரு வரி போட்டார்கள். தங்கள் ஊர்ப் பிள்ளையின் பெயர் மாநிலம் முழுவதும் ஒலிப்பதில் செவ்வல்பேட்டைக்குப் பெருமை. அவளை உள்ளங்கையில் தூக்கி நிற்கிற படத்தைக் கோயில் வாசலில் பெரிதாக வைத்தார்கள்.

திட்டத்தைத் தொடங்கிவைக்க அமைச்சர் மறுபடி வந்தார். பிள்ளையைப் பெற்றவர் என்ற முறையில் நல்லபெருமாள் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அழைப்பு வந்தது. அவர் போகமாட்டேன் என்றுதான் சொன்னார். சண்முகக்கனிதான் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவள் பேசி வெகுநாளாகியிருந்தது.

"போங்க. வேற ஒண்ணும் பேச வேண்டாம். அவ பசியில செத்தான்னு மட்டும் சொல்லிட்டு வாங்க. அது ஒண்ணையாவது அவளுக்குச் செய்யணும்ல."

அவர் போனார். பட்டப்பகல். அதே திடல், அதே ஜனங்கள், அதே சோபா. பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிபெருக்கி முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். ஜனங்கள் அவரைப் பார்த்ததும் நிமிர்ந்து வசதியாக உட்கார்ந்தார்கள்.

"என் மகள் பசியில செத்தா" என்றார்.

முதலில் சிரித்தது அமைச்சர்தான். பிறகு திடல் முழுக்கச் சிரித்தது, பின்வரிசையில் நின்றவர்கள் கேட்காதவர்களுக்குத் திருப்பிச் சொல்லி மறுபடியும் சிரித்தார்கள். நல்லபெருமாள் ஒலிபெருக்கியை விட்டு நகரவில்லை. பழகின பேச்சாளர் என்பதால், இன்னொரு தடவை தெளிவாகச் சொல்வதற்காக, சிரிப்பு அடங்கட்டும் என்று காத்து நின்றார்.